இணைச்சீர்க்காரி எழுதும் கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

போனில் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை. நான் இங்கே எழுதுவதை மட்டும் ஒன்று விடாமல் படிக்கிறாய் என்று உன் வீட்டுக்காரி சொன்னாள். அதனால் ஊர் பார்க்க எழுதுகிறேன். கோபம் வந்தால் வரட்டும்.

என் புற்றுநோய்க்கு உன் ஸ்டெம் செல், அதாவது ரத்தம் உண்டாகிற மூல அணு, பொருந்துமா என்று பார்த்த அந்த ரிப்போர்ட் வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. கோவை ஆஸ்பத்திரி வராந்தாவில் அதைக் கையில் வைத்துக்கொண்டு, பத்திரம் படிப்பவனைப்போல மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்தாய். என் பெயருக்கு நேரே பத்து எண்கள், உன் பெயருக்கு நேரே பத்து எண்கள். ஒன்றுகூட ஒட்டவில்லை. "நம் இரண்டு பேருக்கும் ஓ பாசிட்டிவ்தானே அக்கா?" என்று கேட்டாய். அன்று பதில் சொல்ல எனக்குத் தெம்பில்லை. பிறகு ஒரு கல்யாண வீட்டில் பெரியம்மா, "கூடப்பிறந்தவன் ரத்தமே சேரவில்லையாமே" என்று சொல்லியிருக்கிறார். அது உன் காதுக்கும் வந்துவிட்டது. அதன்பின் பணம் அனுப்பினாய், ரத்தத் தட்டணுக் கொடுக்க திருப்பூரிலிருந்து ஆட்களை வண்டியேற்றி அனுப்பினாய். நீ மட்டும் வரவில்லை.

ரத்த குரூப் வேறு, அந்த ரிப்போர்ட்டில் பார்த்த எச்எல்ஏ வேறு. எச்எல்ஏ என்பது நம் உடம்பின் அணுக்கள் மேல் இருக்கும் அடையாளம். இது நம்மாள், இது வெளியாள் என்று வெள்ளணுக்கள் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்கின்றன. அதற்கான மரபணுக்கள் ஆறாவது குரோமோசோமில் ஒரே கொத்தாக இருக்கின்றன. அப்பாவிடம் இரண்டு கொத்து, அம்மாவிடம் இரண்டு. பாகம் பிரிக்கும்போது சீட்டுப் போடுவார்களே, அதுபோல ஒவ்வொரு பிள்ளைக்கும் அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று விழுகிறது. நிலமென்றால் எனக்கு வந்தது உனக்கு இல்லை. இதில் அப்படியில்லை, இருவருக்கும் ஒரே சீட்டு விழலாம். இரண்டும் ஒத்துப்போக நான்கில் ஒரு வாய்ப்பு. ஒன்று மட்டும் ஒத்துப்போக நான்கில் இரண்டு. ஒன்றுமே ஒத்துப்போகாமலிருக்க நான்கில் ஒன்று. அப்பா பங்கில் எனக்குக் கிணற்றுத் தோட்டம் விழுந்தது, உனக்கு மேட்டாங்காடு விழுந்தது. அம்மா பங்கிலும் அப்படியே. நீ அம்மா வயிற்றில் உருவான அன்றைக்கே முடிந்துபோன சங்கதி இது. இதற்கு எங்கே போய் வருத்தப்படுவது?

பாதிப் பொருத்தத்திலும் இப்போது மாற்று செய்கிறார்கள். பெற்றவர்களும் பெற்ற பிள்ளைகளும் எப்போதும் பாதிப் பொருத்தம்தான். ஆனால் அப்பாவுக்கு நெஞ்சில் ஸ்டென்ட், அம்மாவுக்குச் சர்க்கரை, என் மகளுக்கு ஒன்பது வயது.

"நம் கூட்டத்துக்காரர்களைக் கூப்பிட்டுச் சோதித்துப் பார்க்கலாமே, ஒரே ரத்தம்தானே" என்று பெரியப்பா சொன்னார். நல்ல மனதோடு சொன்னதுதான். கூட்டம் என்கிற குலம் அப்பன் வழியில் வருகிறது. இதிலோ பாதி அம்மா வழி. அம்மா வேறு கூட்டத்திலிருந்து வந்தவள், அவளுடைய அம்மா இன்னொரு கூட்டம். நான்கு தலைமுறையில் முப்பாட்டன் கொத்து யாரிடம் போய் நிற்கிறதோ! இருந்தாலும் பெரியப்பா சொன்னதில் ஒரு துளி உண்மை உண்டு. இந்த அடையாளங்களில் 30,000 வகைக்கு மேல் இருக்கின்றன. எந்த வகை எங்கே அதிகம் என்பது மண்ணுக்கு மண் மாறுகிறது. நமக்குப் பொருந்துகிறவர் ஜெர்மனியில் இருப்பதைவிட இந்தப் பக்கத்து ஆளாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஸ்டெம் செல் கொடுக்க முன்வந்தவர்களின் உலகப் பதிவேடுகளில் நான்கு கோடிப் பேருக்கு மேல் இருக்கிறார்கள். அதில் நம் நாட்டவர் மிகச் சிறிய பங்கு.

அந்தச் சிறிய பங்கிலிருந்துதான் எனக்கு ஒருவர் வந்தார், பத்துக்குப் பத்து. பதிவேட்டில் சேர எப்போதோ கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்துக் கொடுத்துவிட்டு, அதை மறந்தே போயிருப்பார். பிறகு ஐந்து நாள் ஊசி போட்டுக்கொண்டு, பல மணி நேரம் இரண்டு கைகளிலும் குழாயோடு படுத்திருந்து ஸ்டெம் செல் கொடுத்திருக்கிறார். அவர் ஆண் என்பதைத் தவிர எங்களுக்கு எதுவும் சொல்லவில்லை.

அவர் கொடுத்தது ஐஸ் பெட்டியில் வந்தது. ஒரு சின்னப் பை, நீர்த்த பீட்ரூட் சாறு போன்ற நிறம். இதற்காகவா என்னை மொட்டையடித்து, வாயெல்லாம் புண்ணாக்கி, ஒரு வாரம் மருந்தாக ஏற்றினார்கள் என்று இருந்தது. நர்ஸ் அதைச் சாதாரண குளுக்கோஸ் ஸ்டாண்டில்தான் மாட்டினார். ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிட்டது. அம்மா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கைகூப்பி நின்றாள்.

அதற்குப் பிறகுதான் கஷ்டமே. நம் பட்டிக்குப் புது நாய் வாங்கி வந்தால் என்ன செய்வோம்? கொஞ்ச நாள் சங்கிலியில் கட்டி வைப்போம். வீட்டு ஆள், ஆடு, கோழி எல்லாவற்றையும் மோந்து பழகும்வரை அவிழ்க்கமாட்டோம். வந்த செல்களும் அப்படித்தான். கிட்னி மாற்றினால் நம் உடம்பு கிட்னியை எதிர்க்கும். இதில் தலைகீழ்: வந்தவர் ரத்தம் என் உடம்பையே வெளியாள் என்று நினைத்துக் கடிக்கும். தோல், குடல், கல்லீரல் மூன்றும்தான் முதலில் மாட்டும். எதிர்ப்பை அடக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரைதான் சங்கிலி. ரொம்ப இறுக்கினாலும் ஆபத்து. கிருமி வந்தால் குரைக்க ஆளிருக்காது, ஒளிந்திருக்கும் புற்று அணுவைப் பிடிக்கவும் ஆளிருக்காது. என் பழைய நாய் நரியோடு சிநேகமாகிப் போனதால்தானே இந்த வியாதியே. அதனால் லேசாக ஒரு கடி விழுந்தால் டாக்டர்கள் உள்ளூர நிம்மதிதான் படுகிறார்கள்!

எனக்கும் விழுந்தது. முப்பத்தைந்தாம் நாள் உள்ளங்கை இரண்டும் சிவந்துவிட்டன. "யார் மருதாணி வைத்தது?" என்று அம்மா கேட்டாள். ஸ்டீராய்டில் அடங்கியது.

உனக்கு மயிலைப் பசுவின் இரட்டைக் கன்று ஞாபகமிருக்கிறதா? காளை ஒன்று, கிடாரி ஒன்று. "அண்ணனோடு சேர்ந்து பிறந்த கிடாரி சினை பிடிக்காது" என்று அப்பா அதைக் கன்னபுரம் சந்தைக்கு ஓட்டிப்போனார். நீ சோறு தின்னாமல் அழுதாய். அந்தச் சங்கதியிலிருந்துதான் இந்த வைத்தியத்துக்கு வேண்டிய ஒரு பெரிய பாடம் கிடைத்தது என்று இப்போது படித்தேன். மாட்டு இரட்டைகளுக்கு வயிற்றிலேயே ரத்தக் குழாய்கள் இணைந்துவிடுகின்றன. ஒன்றின் ரத்தம் மற்றதற்குள் போய் ஆயுளுக்கும் அங்கேயே இருக்கிறது, உடம்பு அதை எதிர்ப்பதே இல்லை. அமெரிக்காவில் ரே ஓவன் என்பவர் 1945இல் இதைக் கண்டு எழுதினார். இங்கிலாந்தில் பீட்டர் மெடவார் குழு அப்படிப்பட்ட கன்றுகளின் தோலை ஒன்றிலிருந்து மற்றதற்கு ஒட்டிப் பார்த்தது, ஒட்டிக்கொண்டது. பிறகு 1953இல் தாய் வயிற்றிலிருந்த எலிக்குட்டிகளில் அதைச் செயற்கையாகவே செய்து காட்டினார்கள். மெடவாருக்கு 1960இல் நோபல் பரிசு. வெளியாளை வீட்டாளாக ஏற்றுக்கொள்ள உடம்புக்குக் கற்றுக்கொடுக்கலாம் என்று அன்று தெரிந்தது.

கன்றுகள் வயிற்றுக்குள்ளேயே கற்றுக்கொண்டன. நான் நாற்பத்தொன்றில் கற்றுக்கொள்கிறேன். நெஞ்சுக்கூட்டுக்குள் தைமஸ் என்றொரு சுரப்பி இருக்கிறது. புது வெள்ளணுக்களுக்கு அதுதான் பள்ளிக்கூடம். சொந்த உடம்பைக் கடிக்கிற பிள்ளைகளை அங்கேயே கழித்துவிடும். என் வயதில் அது சுருங்கிக் கிடக்கும், பாடம் மெதுவாகத்தான் நடக்கும். ஆனாலும் நடந்திருக்கிறது. போன மாதம் டாக்ரோலிமஸை நிறுத்திவிட்டார்கள். கிட்னி மாற்றியவர்கள் ஆயுளுக்கும் மாத்திரை தின்ன, எனக்கு இந்த விடுதலை. ரத்தமெல்லாம் அவருடையது. குரூப்கூட பி பாசிட்டிவ் ஆகிவிட்டது. ரத்த அணுவில் ஆண் குரோமோசோம் தெரிகிறது. சின்ன வயதில் போட்ட தடுப்பூசியெல்லாம் அழிந்துபோனதால், கைக்குழந்தைகளோடு வரிசையில் நின்று போலியோ ஊசி போட்டுக்கொண்டேன்.

ஆக, நம் இருவருக்கும் இருந்த ஒரே பொருத்தம், அந்த ஓ பாசிட்டிவ், அதுவும் போயிற்று. உன் கல்யாணத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, கூடப்பிறந்தவள் செய்யும் இணைச்சீர் சடங்கைச் செய்தவள் நான்தானே? அப்போது யாராவது எச்எல்ஏ பார்த்தார்களா?

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை தோட்டத்துக்கு வருகிறேன். அம்மாவைப் பெற்ற அமுச்சி காலத்து உருளியில் அரிசியும் பருப்பும் ஆக்கச் சொல், சூடாக இருக்கவேண்டும், ஊறுகாய் எனக்கு ஆகாது. மாட்டுப் பக்கம் இன்னும் சில மாதம் போகக் கூடாதாம். அதனால் கட்டுத்தரையிலிருந்து புதுக் கன்றை அவிழ்த்து வேப்பமரத்தடியில் கட்டிவை. நான் திண்ணையிலிருந்தே பார்த்துக்கொள்கிறேன்.

அக்கா