அழ வைக்கும் கதைகளுக்கும் அலமாரியில் இடம் வேண்டும்

பொது நூலக இயக்ககத்தின் அலுவலர்களுக்கும், நூல் தேர்வுக் குழுவில் இருக்கும் பெரியவர்களுக்கும், கிளை நூலகங்களிலும் ஊர்ப்புற நூலகங்களிலும் வேலை பார்க்கும் நூலகர்களுக்கும் வணக்கம்.

எங்கள் பகுதிக் கிளை நூலகத்தில் அண்மையில் பழைய புத்தகங்களைக் கழித்தார்கள். இடம் போதவில்லை, போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு மேசை போட வேண்டும் என்றார்கள். சரி, அந்தப் பிள்ளைகளுக்கு மேசை வேண்டும்தான். ஆனால் வாசல் ஓரம் சணல் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்த கட்டுகளைப் பார்த்தேன். முக்கால்வாசியும் குடும்ப நாவல்கள். காதலித்தவனைப் பிரிந்தவள், பிள்ளையைப் பறிகொடுத்தவள், பேத்திக்குத் துணை நின்ற கிழவி என்று ஒரு காலத்தில் வீடுவீடாகப் போய்வந்த கதைகள். "கிழிஞ்சு போச்சும்மா, இதையெல்லாம் யாரும் கேக்கிறதில்ல" என்றார் அங்கே இருந்த ஊழியர். கிழிந்திருந்தது உண்மைதான். யாரும் கேட்காத புத்தகம் எப்படிக் கிழியும்?

ஒரு கட்டைப் பிரித்துப் பார்க்க அனுமதி வாங்கினேன். பின்னட்டையின் உட்புறம் தேதிச் சீட்டு ஒட்டியிருக்கும் அல்லவா? ஒரு புத்தகத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக நான்கு சீட்டுகள். முத்திரை குத்த இடமில்லாமல் ஓரத்தில் பேனாவால் தேதி எழுதியிருக்கிறார்கள். கடைசிப் பக்கத்தில் வாசகர்களின் கையெழுத்து. "அருமையான கதை" என்று ஒருவர். அதற்குக் கீழே வேறு மையில், "அவள் திரும்பிப் போயிருக்கக் கூடாது". அதற்கும் கீழே நடுங்குகிற கையால் யாரோ பென்சிலில் எழுதியது: "போகாமல் எங்கே போவாள்". நூலகப் புத்தகத்தில் எழுதுவது தப்பு என்று எனக்கும் தெரியும். ஆனாலும் முகம் தெரியாத மூன்று பேர், அநேகமாக மூன்று வயதுகளில் இருந்தவர்கள், ஒரு பெண்ணின் வாழ்க்கையைப் பற்றி அந்தப் பக்கத்தில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அதைத்தான் எடைக்குப் போடக் கட்டி வைத்திருந்தார்கள்.

இந்த நாவல்களுக்கு 'அழுகாச்சிக் கதை' என்று ஒரு பெயர் உண்டு. சொல்கிறவர்கள் ஏளனமாகத்தான் சொல்கிறார்கள். அழுகை என்பது அவ்வளவு மட்டமான சங்கதியா? தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகளை, சொல்லும்போது நகைக்கு அடுத்தபடியாக அழுகையை வைக்கிறது. மனிதர் அழுவதற்கு நான்கு காரணம் என்று பிரித்தும் காட்டுகிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இழிவுபடுத்தியது, இழந்தது, பழைய நிலையிலிருந்து தாழ்ந்தது, இல்லாமை. நீங்கள் கழித்துக் கட்டிய நாவல்களில் எதை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள், இந்த நான்கில் ஒன்றாவது இருக்கும். பறம்பு மலையை இழந்து, தகப்பனையும் இழந்து நின்ற பாரியின் மகள்களைக் கூட்டிக்கொண்டு, தகப்பனின் நண்பர் கபிலர் மன்னர் மன்னராகப் போய் அவர்களுக்கு வாழ்க்கை தேடினாரே, புறநானூற்றில் இருக்கும் அந்தப் பாட்டுகளைப் படித்து அழாதவர் உண்டா? நண்பன் செத்த பிறகு அவன் பிள்ளைகளுக்கு ஒரு கிழவர் துணையாக இருக்கிற கதை அது. அதைப் பாடமாக வைக்கிறோம். அதே துயரத்தை அடுக்களையில் வைத்து, கைக்கடக்கமான புத்தகமாக ஒரு பெண் எழுதினால் மட்டும் மதிப்பில்லாமல் போய்விடுகிறது.

எழுதியவர்கள் யார் என்பதையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். வை.மு. கோதைநாயகி அம்மாள் பள்ளிக்கூடம் போனவர் அல்லர். கதை சொல்லத் தெரியும், எழுத வராது. அவர் சொல்லச் சொல்ல, அவருடைய தோழி பட்டம்மாள் எழுதிக் கொடுத்துத்தான் முதல் நாடகம் உருவானது. அந்தத் தோழியின் கை இல்லாவிட்டால் அந்த அம்மாள் பிறகு எழுதிய 115 நாவல்களும் இல்லை. 1925-ல் ஜகன்மோகினி பத்திரிகையை எடுத்து நடத்தத் தொடங்கி, முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்தினார். அவருக்குப் பிறகு வந்த லக்ஷ்மியின் இயற்பெயர் திரிபுரசுந்தரி, அவர் ஒரு மருத்துவர். மருத்துவப் படிப்பின் நடுவே பணமுடை வந்தபோது ஆனந்த விகடனுக்குக் கதை எழுதி, அந்தப் பணத்தில் படிப்பைத் தொடர்ந்தவர். திருமணத்துக்குப் பின் தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்து, கணவரை இழந்த பிறகு ஊர் திரும்பியவர். 1984-ல் அவருக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. இவர்கள் பொழுதுபோகாமல் கண்ணீரைக் கலந்து விற்றவர்கள் அல்லர்.

எல்லாமே நல்ல நாவல்கள் என்று நான் வாதாட வரவில்லை. அடங்கிப் போவதுதான் பெண்ணுக்கு அழகு என்று முடிகிற கதைகள் நிறைய இருக்கின்றன. கை நீட்டி அடிக்கிற கதாநாயகனை மன்னித்துக் காலில் விழுகிற முடிவுகளும் உண்டு. படிக்கும்போதே எனக்கு உடம்பெல்லாம் எரியும். ஆனால் அந்தக் கதைகளால் என் வீட்டில் என்ன நடந்தது என்பதையும் நான் சொல்லியாக வேண்டும். இந்தக் கடிதத்தை எழுதுவதே அதனால்தான்.

என் மாமியாருக்குக் கண்ணில் புரை. அறுவை சிகிச்சைக்குப் பிறகும் சின்ன எழுத்து தெரிவதில்லை. அதனால் சாயங்காலம் என் மகள் அவருக்கு வாசித்துக் காட்டுவாள். கிளை நூலகத்திலிருந்து அவள் எடுத்துவருகிற நாவல்கள்தான். மாமனார் இறந்தபோது வீடு நிறைய சனம். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். என் மாமியார் மட்டும் அழவில்லை. வந்தவர்களுக்குக் காப்பி போனதா, பந்தலுக்குச் சொல்லியாயிற்றா என்று கேட்டபடியே இருந்தார். காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகும் அழவில்லை. சிலர் அதை ஒரு மாதிரியாகப் பேசினார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

அப்புறம் ஒரு நாள் மகள் வாசித்துக்கொண்டிருந்த கதையில் ஒரு கிழவர். சாகிற அன்று காலையில் மனைவியைக் கூப்பிட்டு, மழை வரும்போல இருக்கிறது, வடகத்தை எடுத்து உள்ளே வை என்கிறார். அவர் பேசிய கடைசிப் பேச்சு அவ்வளவுதான். அந்த இடத்தில் என் மாமியாருக்குக் கண்ணீர் வழிய ஆரம்பித்தது. துடைக்கவில்லை. "நிறுத்தவா அப்பத்தா?" என்று மகள் கேட்டாள். "நீ பாட்டுக்குப் படி ஆத்தா" என்றார். அத்தியாயம் முடிந்ததும் அவராகவே சொன்னார்: "உங்க தாத்தா கடைசியா என்கிட்ட, மோட்டாரை அணைச்சியான்னுதான் கேட்டாரு." அந்த மனிதர் கடைசியாக என்ன பேசினார் என்பது அதுவரை எங்கள் யாருக்கும் தெரியாது. பெற்ற பிள்ளைக்கே தெரியாது.

மகளுக்கும் ஒரு துயரம் இருந்திருக்கிறது. கூட வேலை பார்த்த பையனோடு பழகி, அது முறிந்து போயிருக்கிறது. என்னிடம் அவள் சொல்லவில்லை. அப்பத்தாவிடமும் நேராகச் சொல்லவில்லை. கதாநாயகி அவனுக்குக் கடைசியாக ஒரு கடிதம் போட்டிருக்க வேண்டாமா என்று ஆரம்பித்திருக்கிறாள். போட்டிருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும் என்று அப்பத்தா கேட்டிருக்கிறார். பேச்சு வளர்ந்து வளர்ந்து, ஒரு கட்டத்தில் இரண்டு பேருக்குமே அது கதாநாயகியைப் பற்றிய பேச்சு இல்லை என்று தெரிந்துவிட்டது. என் மாமியார் அவளுக்குப் புத்தி ஒன்றும் சொல்லவில்லை. தன்னைக் கட்டிக்கொள்வதாக இருந்த முறைமாமன் ஒருவர் மலேயாவுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டதைச் சொல்லியிருக்கிறார். வீட்டில் யாருக்கும் தெரியாத கதை. இதெல்லாம் வெகுநாள் கழித்து மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியவந்தது. இப்போதும் இருவரும் கதைமாந்தர்களைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள். அடிவாங்கிவிட்டு மன்னிக்கிறவளை மகள் வாய்விட்டுத் திட்டுவாள். அந்தக் காலத்தில் அவளுக்குப் பிறந்த வீட்டில் சோறு போட்டிருக்க மாட்டார்கள் என்று அப்பத்தா பதில் சொல்வார். பிறகு, "ஆனா நீ பொறுத்துக்கிட்டு இருக்காத" என்பார்.

எண்பதைத் தாண்டிய ஒருவரும் இருபதுகளில் இருக்கிற ஒருத்தியும் இப்படிப் பேசிக்கொள்ள நடுவில் ஒரு கதை தேவைப்படுகிறது. நேருக்கு நேர் கேட்டால் இரண்டு பேருமே வாயைத் திறக்க மாட்டார்கள். அந்தக் கதை எளிய தமிழில் இருக்க வேண்டும், காதால் கேட்டால் புரிய வேண்டும், சொந்த வீடு மாதிரி ஒரு வீட்டில் நடக்க வேண்டும். பெரிய இலக்கியங்களை மதித்தே சொல்கிறேன், அவை பல நேரம் இந்த வேலைக்கு ஒத்துவருவதில்லை.

இனி உங்களிடம் கேட்க வேண்டியவற்றைக் கேட்டுவிடுகிறேன். சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியாகச் சேர்த்துக் கட்டுகிற குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. 1948-ல் சென்னை மாகாணத்தில் கொண்டுவந்த நூலகச் சட்டம், சுதந்திர இந்தியாவில் அதுபோல் வந்த முதல் சட்டம் என்று பெருமையாகச் சொல்கிறோம். அதற்குப் பின்னால் நின்றவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். அரங்கநாதன். நூலகவியலுக்கு அவர் வகுத்த ஐந்து விதிகளை நீங்கள் படித்துத்தான் இந்தப் பணிக்கே வந்திருப்பீர்கள். ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் உண்டு என்பது அவற்றில் மூன்றாவது.

ஒரு நாவலைக் கழிக்கும் முன் அதன் தேதிச் சீட்டைப் பாருங்கள். பலர் எடுத்துப் படித்துக் கிழிந்த புத்தகத்துக்குத் தேவை பைண்டிங். இட நெருக்கடி என்றால், மாவட்டத்தில் அந்தத் தலைப்பு வேறெங்காவது இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, இல்லையென்றால் ஒரு பிரதியையாவது மாவட்ட மைய நூலகத்துக்கு அனுப்பிவையுங்கள். இந்த நாவல்களில் பல மறுபதிப்பு வராதவை. உங்கள் ஊர்ப் பிரதி போனால் அந்தக் கதையே போனமாதிரிதான்.

பத்திரிகையில் வாராவாரம் வந்த தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்து வீட்டில் பைண்டு செய்து வைத்திருப்பார்களே, அவற்றையும் நன்கொடையாக வாங்கிக்கொள்ளுங்கள். அச்சிட்ட புத்தகம் இல்லை, விலை இல்லை, பதிவேட்டில் ஏற்ற முடியாது என்று திருப்பி அனுப்புகிறார்கள். மைதா பசையும் காடாத் துணி முதுகும், தையலுக்குள் போய்விட்ட வரிகளின் கடைசி எழுத்தும், பக்கத்தின் மறுபாதியில் ஓவியர் கோபுலுவின் படத்தோடு பாதி நறுக்கப்பட்ட ஒரு சிரிப்புத் துணுக்கும், முதுகில் ஒரு பெண்ணின் கையெழுத்தில் கதையின் பெயருமாக இருக்கிற அந்தப் புத்தகங்கள் எந்தப் பதிப்பகத்திலும் கிடைக்காது. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனி மனிதர், மற்றவர்கள் குப்பை என்று நினைத்த அச்சுத்தாள்களையெல்லாம் ஆயுள் முழுக்கச் சேர்த்தார். அவர் 1992-ல் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. அதை வைத்துத்தான் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் உருவானது. ஒரு தனி மனிதரால் முடிந்ததில் கொஞ்சமாவது ஒரு துறையால் முடியாதா?

நூல் தேர்வுக் குழுவினருக்கு: பெரிய எழுத்தில் அச்சிட்ட நாவல்களைக் கேட்டு வாங்குங்கள். நீங்கள் வாங்குவீர்கள் என்று தெரிந்தால் பதிப்பகங்கள் அச்சிடும். இது நமக்குப் புதிதும் இல்லை. 'பெரிய எழுத்து' என்று அட்டையிலேயே போட்டு விக்கிரமாதித்தன் கதையும் நல்லதங்காள் கதையும் திருவிழாக் கடைகளில் விற்ற நாடு இது.

கிளை நூலகர்களுக்கு: உங்கள் வாசகர் வட்டக் கூட்டத்தில் ஒரு மணி நேரத்தை வாசித்துக் காட்டுவதற்கு ஒதுக்குங்கள். போட்டித் தேர்வுக்கு வருகிற பிள்ளைகளையே கேட்டுப் பாருங்கள். நாள் முழுக்க வினா விடை படித்துச் சலித்தவர்கள், ஒரு அத்தியாயம் வாசிக்க மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள். நடக்க முடியாதவர்களுக்கு வீட்டுக்கே புத்தகம் கொண்டுபோய்க் கொடுக்க 'நூலக நண்பர்கள்' என்ற திட்டத்தைத் துறையே தொடங்கியது. நல்ல திட்டம். அந்தத் தன்னார்வலர்கள் புத்தகத்தைக் கொடுத்ததும் கிளம்பிவிடாமல், கேட்கிறவர்களுக்குப் பத்துப் பக்கம் வாசித்தும் காட்டட்டும். வீட்டில் பேத்தி இல்லாத கிழவிகளும் கிழவர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

என் மாமியாரிடம் இப்படிப் பைண்டு செய்த தொடர்கதைகள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டியதும், எல்லாவற்றையும் நூலகத்துக்குக் கொடுத்துவிடலாம் என்றார். ஒரே ஒரு நிபந்தனை. மேல்தட்டில் வைக்கக் கூடாதாம், வயசானவர்களுக்குக் கை எட்டாதாம். இடம் ஒதுக்கிவிட்டுச் சொல்லி அனுப்புங்கள், கொண்டுவந்து தருகிறோம்.

இப்படிக்கு,
ஒரு கிளை நூலக உறுப்பினர்