காங் லா கடக்கத் துணைநின்றவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

வணக்கம். நேபாளத்தின் மனாங் மாவட்டத்தில், திபெத் எல்லைக்கு அருகே சுமார் 4,080 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஃபூ கிராமத்திற்கு நடந்து சென்று, பிறகு நார் கிராமம் வழியாக 5,320 மீட்டர் உயரமுள்ள காங் லா கணவாயைக் கடந்து, நாங்கள் அனைவரும் நலமாகக் கோவை திரும்பிவிட்டோம். நடந்தது நாங்கள் என்றாலும், இந்தப் பயணம் நல்லபடியாக முடியும் என்பது புறப்படுவதற்கு முந்தைய மாதங்களிலேயே முடிவாகிவிட்டது என்றுதான் இப்போது தோன்றுகிறது. அந்த மாதங்களில் எங்களுக்காக நேரம் ஒதுக்கியவர்களுக்கு, குறிப்பாக எங்கள் அவசரத்துக்கு அணை போட்டவர்களுக்கு, இம்மடல்.

முதல் நன்றி எங்கள் குடும்ப மருத்துவருக்கு. பெசிசஹாரிலிருந்து ஜீப்பில் கோட்டோ, மறுநாளே மேட்டா என்று நாங்கள் எழுதிக் கொண்டுபோன அட்டவணையில் அவர் பார்த்தது தூரத்தையல்ல, ஒவ்வோர் இரவும் எந்த உயரத்தில் படுக்கிறோம் என்பதை மட்டுமே. கோட்டோ 2,600 மீட்டர், மேட்டா 3,560 மீட்டர். 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, உறங்கும் உயரம் ஓர் இரவுக்கும் அடுத்த இரவுக்கும் இடையே 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது என்றும், மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை மேலே ஏறாமல் தங்க வேண்டும் என்றும் சொல்லி, இடையில், அந்த வழியிலேயே இருக்கும் தர்மசாலா என்ற இடத்தில் ஓர் இரவையும், மேலே இன்னும் சில ஓய்வு நாட்களையும் சேர்த்தார். சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை யாருக்காவது உண்டா என்று ஒவ்வொருவரிடமும் கேட்ட பிறகே உயரத்தால் வரும் மலை நோயைத் தடுக்க உதவும் அசிட்டசோலமைடு 125 மில்லிகிராம் மாத்திரையைக் காலை, மாலை என்று எழுதிக் கொடுத்தார். மாத்திரை போட்டுக்கொண்டு வேகமாக ஏறலாம் என்று நினைக்க வேண்டாம், நடை தள்ளாடினால் நள்ளிரவானாலும் இறங்கிவிட வேண்டும் என்பது அவர் எங்களைக் கடைசிவரை திருப்பிச் சொல்ல வைத்த பாடம். ஃபூவுக்குப் போகும் வழியில், கியாங் என்ற இடத்தில் எங்களில் ஒருவருக்குத் தலைவலி வந்து சாப்பாடு இறங்காமல் போனபோது, ஓய்வு நாள் ஏற்கெனவே திட்டத்தில் இருந்ததால் யாரும் முகம் சுளிக்காமல் தங்கினோம். மறுநாள் காலையில் அவரே உருளைக்கிழங்கு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அந்த நாள் திட்டத்தில் இல்லாதிருந்தால் அதற்கு ஒரு பஞ்சாயத்தே நடந்திருக்கும்.

இந்தப் பகுதிக்கு முன்பே சென்று வந்த பெங்களூர் நண்பருக்கு அடுத்த நன்றி. எங்கள் மனம் கோடை விடுமுறையில்தான் இருந்தது. மே, ஜூன் மாதங்களில் ஊர் மக்களில் பெரும்பாலோர் யார்சாகும்பா என்ற விலையுயர்ந்த மருந்துப் பூஞ்சையை எடுக்க மேய்ச்சல் நிலங்களுக்குப் போய்விடுவார்கள், தங்க இடம் கிடைப்பதே சிரமமாகலாம் என்று அவர் எச்சரித்தார். நேபாளத்தின் பெரிய பண்டிகையான தசைனுக்குச் சுமை தூக்குபவர்களும் ஜீப் ஓட்டுநர்களும் வீட்டுக்குச் சென்றுவிடுவார்கள் என்பதால், அது முடிந்த பிறகே தொடங்கச் சொன்னார். 2014 அக்டோபரில் அன்னபூர்ணா பகுதியில் வீசிய பனிப்புயலில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை நினைவூட்டி, கணவாய்க்கு ஒரே தேதியைக் குறித்துவிடாமல் காத்திருக்க நாட்களை ஒதுக்க வைத்தவரும் அவரே.

நார், ஃபூ இரண்டும் தடைசெய்யப்பட்ட பகுதிக்குள் வருவதால், இந்தியர்களுக்கும் தனி அனுமதி வேண்டும். அதையும் பதிவு பெற்ற மலையேற்ற நிறுவனத்தின் வழியாகவே பெற வேண்டும். எல்லை தாண்ட வாக்காளர் அட்டையே போதுமானாலும், இந்த அனுமதிக்காகப் பாஸ்போர்ட்டையே எடுத்துவரச் சொன்ன காத்மாண்டு அலுவலக நண்பருக்கு நன்றி. காப்பீட்டுப் பாலிசியில் உயர வரம்பு எவ்வளவு என்று சிறிய எழுத்துகளைத் தேடிப் படித்துச் சொன்ன அலுவலகத் தோழிக்கும் நன்றி.

வழிகாட்டிக்கும் சுமை தூக்கி வந்த தம்பிகளுக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. கோட்டோவில் வழிகாட்டி ஒவ்வொரு மூட்டையையும் தராசில் தொங்கவிட்டு நிறுத்துப் பார்த்தார். கனம் கூடியிருந்த இரண்டு மூட்டைகளிலிருந்து எங்கள் புத்தகங்களும் கூடுதல் காலணிகளும் வெளியே வந்து அங்கேயே தங்கின. ஹிம்லுங் சிகரத்தின் அடிவார முகாமையும் பார்த்துவிடலாமே என்று எங்களில் சிலர் ஆசைப்பட்டபோது, கணவாய்க்கு வைத்திருக்கும் நாட்களைத் தொடக் கூடாது என்று அவர் பணிவாகவும் உறுதியாகவும் மறுத்தார். கணவாயன்று விடியும் முன்பே முன்னால் சென்று, உறைந்த பனியில் கால் வைக்கத் தடம் வெட்டிவைத்தவர்கள் அந்தத் தம்பிகள். கடல் மட்டத்தில் கிடைக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய பாதிதான் அங்கே கிடைக்கும்; நாங்கள் பத்து அடிக்கு ஒருமுறை நின்றபோது, அவர்கள் எங்களுக்காகப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

ஃபூவில் எங்களைத் தங்கவைத்த அக்காவுக்குத் தமிழ் தெரியாது. இதை யாராவது அவருக்குச் சொல்ல வேண்டும். அந்த உயரத்தில் தண்ணீர் 86, 87 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் பருப்பு எளிதில் வேகாது. யாக் சாண வறட்டி எரியும் அடுப்பில் குக்கரை வைத்து, விசிலுக்குக் காத்திருந்து, எங்கள் எல்லோருக்கும் தட்டு நிறையப் போட்ட பிறகே அவர் உட்கார்ந்தார். என் அம்மா கொடுத்தனுப்பிய பருப்புப் பொடியை அவித்த உருளைக்கிழங்கில் தொட்டுத் தின்றுவிட்டு, மீதிப் பொட்டலத்தை அவரே எடுத்து வைத்துக்கொண்டார். அம்மாவுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு இல்லை.

தை முடிந்ததும் வெள்ளியங்கிரிக்கும், மழைக்காலம் முழுவதும் மருதமலைப் படிகளுக்கும் எங்களைக் காலையில் எழுப்பி இழுத்துச் சென்ற நடைக்குழு நண்பர்களே, இறங்கும்போது முட்டி தாங்கியது உங்களால்தான். கேட்ட விடுப்போடு, வானிலைக்காகச் சில நாட்களைச் சேர்த்தே தந்த மேலாளர்களுக்கும் நன்றி. சுமை தூக்குபவர்களுக்கென நீங்கள் கொடுத்தனுப்பிய கம்பளிக் கையுறைகளும் ஜாக்கெட்டுகளும் உரியவர்களிடம் சேர்ந்துவிட்டன. இரவல் தந்த ஸ்லீப்பிங் பேக்குகளில் இன்னும் வறட்டிப் புகை வாசம் போகவில்லை. வெயிலில் உலர்த்தி இந்த வாரத்துக்குள் அவரவர் வீட்டில் சேர்த்துவிடுகிறோம்.

நன்றியுடன்,
ஃபூ சென்று வந்த கோவைக் குழுவினர்