என் வீட்டுக்காரருக்கு அளவெடுத்து வீல்சேர் கேட்டு நாலாவது மனு

பெறுநர்: உதவிக் கருவிப் பிரிவு அதிகாரி அம்மா அவர்கள், பினாங்கு

பொருள்: தண்டுவடத்துல அடிபட்ட என் வீட்டுக்காரருக்கு உடம்புக்கு ஏத்த வீல்சேரும் குஷனும் வேண்டி

மதிப்புக்குரிய அம்மா, வணக்கம்.

ஜெலுத்தோங் மார்க்கெட் பக்கத்து பிளாட்லேர்ந்து எழுதுறேன், ஏழாவது மாடி. உங்களுக்கு இந்த இடம் நல்லா தெரியும், போன வருஷம் அரிசி கொடுக்க நீங்களே வந்து எங்க வாசல்ல நின்னு இவர்கிட்ட பேசிட்டுப் போனீங்க. அதுக்கப்புறம் மூணு சூராட் (கடிதம்) கொடுத்துட்டேன், போராங் (படிவம்) ரெண்டு தடவ நிரப்பிட்டேன், ஓகேயு கார்டு (மாற்றுத்திறனாளி அட்டை) காப்பி, டாக்டர் லெட்டர் எல்லாம் சேர்த்து வச்சேன். ஒரு பதிலும் இல்ல. கவுண்டர்ல கேட்டா வீல்சேர் கொடுத்தாச்சு, கேஸ் முடிஞ்சதுன்னு சொல்றாங்க. கொடுத்தது உண்மைதான், அதுக்கு இப்பவும் நன்றி சொல்றேன். ஆனா எங்களுக்கு ஒன்னும் முடியல அம்மா.

1. மோட்டார் ஆக்சிடென்ட்ல இவருக்கு டி8 லெவல்ல, அதாவது நெஞ்சுப் பக்கத்து முதுகெலும்புல எட்டாவதுகிட்ட, அடி. தொப்புளுக்கு மேலேர்ந்தே கீழ உணர்ச்சி கிடையாது, வயித்துத் தசைக்கு பலம் பத்தாது. கை ரெண்டும் நல்லா இருக்கு.

2. கொடுத்தது ஆஸ்பத்திரியில ஆள உட்கார வச்சு தள்ளிட்டுப் போற மடக்கு வீல்சேர், சீட் அகலம் 18 இன்ச். நான் வீட்டுல பிளவுஸ் தைக்கிறவ, டேப் எடுத்து இவர் இடுப்ப அளந்தேன், பதினாலரை இன்ச்தான். மிச்சம் மூணரை இன்ச்ல இவர் ஒரு பக்கமா சரியிறாரு. சீட்டுத் துணியும் தொட்டில் மாதிரி நடுவுல தொங்கிப் போச்சு. கால் வைக்கிற பலகை ரொம்ப ஒசரத்துல இருக்கு, இவர் ஒசரமான ஆளு, முட்டி மேல தூக்கிக்குது, தொடை தாங்க வேண்டிய பாரமெல்லாம் பின்னாடி எலும்புக்கே போகுது. இறக்கலாம்னு பாத்தா நட்டு துருப்புடிச்சு அசையல.

3. இதுதான் எனக்கு தாங்க முடியாதது. இடுப்பெலும்பு வீட்டு அஸ்திவாரம் மாதிரின்னு பிசியோ தங்கச்சி ஒருத்தவங்க சொன்னாங்க, அது பின்னாடி சாஞ்சா முதுகு கூனும், ஒரு பக்கம் சாஞ்சா முதுகு கோணும். இவருக்கு ரெண்டும் ஆயிடுச்சு. விழாம இருக்க இடது கைய எப்பவும் ஊனிக்கிட்டே இருக்கணும், காலையில தோசை பிய்க்கறப்பவும் சரி, போன் பேசறப்பவும் சரி, அந்தக் கை அங்கேயேதான் இருக்கும். நல்லா இருக்குற ரெண்டு கையில ஒன்ன வீல்சேருக்கு தூணா கொடுத்துட்டாரு. எங்க மகளுக்கு மூணு வயசு, ஸ்கூல் பசங்க வேன்லேர்ந்து எறங்குற நேரம் காரிடார்ல வேடிக்கை பாத்துட்டு அப்பா தூக்குன்னு ஓடி வரும், இவர் ஒத்தக் கையால அது தலைய தடவிட்டு அம்மாகிட்ட போமான்னு சொல்வாரு, ஒரு நாள்கூட ரெண்டு கையால தூக்குனது இல்ல. ஆக்சிடென்ட்ல போனது கால்தான் அம்மா, கை போகல. கை இந்த வீல்சேர்னால போச்சு.

4. புண்ணு. அடிமுதுகெலும்பு நுனியில. வலி தெரியாததால இவருக்கு புண்ணு வந்ததே தெரியாது, சிலுவார் (கால்சட்டை) துவைக்கறப்ப கறைய பாத்துத்தான் நான் கண்டுபிடிச்சேன். மொதல்ல அஞ்சு காசு அளவு இருந்துச்சு, இப்ப அம்பது காசு அளவுக்கு மேல ஆயிடுச்சு. 15 நிமிஷத்துலேர்ந்து 30 நிமிஷத்துக்கு ஒரு தடவ முன்னாடி நல்லா குனிஞ்சு பாரத்த எடுத்து விடணும்னு சொல்லிக் கொடுத்தாங்க. இந்த வீல்சேர்ல குனிஞ்சா கவுந்துடுவோம்னு பயப்படுறாரு, ஒரு தடவ கவுந்தும் இருக்காரு. ராத்திரி நான் டிரெஸ்ஸிங் மாத்துறப்ப அவர் முகத்த செவுத்துப் பக்கம் திருப்பிக்குவாரு.

5. நாங்க கேக்குறது பேட்டரி வண்டி இல்ல. சீட் 15 இல்லன்னா 16 இன்ச், முட்டிக்குப் பின்னால ரெண்டு விரல் இடைவெளி, அடியில தொங்காத கெட்டித் தட்டு, அது மேல புண்ணு வராம பாரத்த பரப்புற குஷன் (காத்தோ ஜெல்லோ, எது இவருக்கு சரியோ அத பாக்கத் தெரிஞ்சவங்க சொல்லட்டும்), இடுப்ப தாங்குற முதுகுச் சாய்வு, பின் சக்கரத்த கொஞ்சம் முன்னாடி தள்ளி மாட்டுற மாதிரி அச்சு. அச்சு ரொம்ப பின்னால இருந்தா ஒவ்வொரு தள்ளுக்கும் தோள்பட்டை தேயுது, தோளும் போச்சுன்னா இவர் கட்டில்லேர்ந்து வீல்சேருக்கு மாறுறதும் என் கையிலதான்.

6. வீல்சேர் கொடுக்கறதுன்னா அளவெடுக்கணும், உட்கார வச்சு சரி பாக்கணும், பழக்கணும், அப்புறம் ரிப்பேரும் பாக்கணும், மொத்தம் எட்டு படின்னு உலக சுகாதார நிறுவனம் 2008லயே எழுதி வச்சிருக்கு. அதே 2008ல நம்ம நாட்டுலயும் ஓகேயு சட்டம், சட்டம் 685, வந்துச்சு. எங்களுக்கு நடந்தது ஒரே படிதான் அம்மா, லோரியில கொண்டாந்து எறக்கிட்டு கையெழுத்து வாங்கிட்டுப் போனது. யாராவது இவர் இடுப்ப அளந்தாங்களா? ஒரு தடவ உட்கார வச்சு பாத்தாங்களா? ஒரு சட்டை தைக்கவே ஆள நிக்க வச்சு அளக்குறோம், நாள் முழுக்க ஒரு மனுஷன் உட்காருற நாற்காலிக்கு அளவு வேணாமா? எங்க ஃபைல்ல முடிஞ்சதுன்னு எழுதுனவங்க ஒரு மணி நேரம் இதுல உட்காந்து பாக்கட்டும், கைய ஊனாம.

கோவத்துல எழுதிட்டேன், மன்னிச்சுக்கோங்க. ஆனா அழிச்சு எழுத மாட்டேன், ஏன்னா அந்தப் புண்ண தெனமும் பாக்குறது நான்.

7. கெஞ்சிக் கேக்குறேன், புது வீல்சேர் வர எத்தன மாசம் ஆனாலும் சரி, குஷன மட்டுமாவது இந்த மாசமே கொடுங்க. அளவெடுக்கத் தெரிஞ்ச ஒருத்தர அனுப்பி வைங்க, இல்ல எங்க வரணும்னு சொல்லுங்க, வேன் புடிச்சு கூட்டிட்டு வர்றேன். கேஸ் முடிஞ்சதுன்னு போட்டத தயவு செஞ்சு மாத்துங்க அம்மா.

வர்றவங்க போன் பண்ணிட்டுத்தான் வரணும்னு இல்ல, நாங்க எப்பவும் வீட்டுலதான் இருப்போம். டேப் இல்லன்னாலும் பரவால்ல, எங்கிட்ட இருக்கு.

இப்படிக்கு,
பணிவுடன்,
ஏழாவது மாடி தையல்கார அக்கா