'ஆன்டிவைரஸ் இருக்கு' என்றால் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

மாட்டுத்தாவணி, மேலூர், திருமங்கலம் பக்கமுள்ள பிரவுசிங் சென்டர்களிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம், பட்டா நகல் என்று போகிறவர்கள் மெயில் பாஸ்வேர்டையும் அங்கேயே அடிக்கிறார்கள். கடைக்காரரைக் கேட்டால் 'ஆன்டிவைரஸ் இருக்கு' என்பார். இணையதளம் வழியே வரும் மால்வேருக்கு (தீங்கு செய்யும் மென்பொருளுக்கு) அது பாதிப் பதில்தான்.

பென்டிரைவில் சுற்றும் பழைய வைரஸை எந்த ஆன்டிவைரஸும் எளிதில் அடையாளம் காணும். தளத்திலிருந்து இறங்கும் ஃபைலை அனுப்புகிறவர்கள் அடிக்கடி மாற்றிக்கொண்டே இருப்பதால், ஆன்டிவைரஸ் வைத்திருக்கும் நேற்றைய பட்டியலில் இன்றைய ஃபைல் இருக்காது. ஆகவே லிங்க்கையே தடுப்பது முக்கியம். விண்டோஸோடு வரும் டிஃபெண்டரை நம்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அதன் ஸ்மார்ட்ஸ்கிரீன் மோசமான தளங்களைத் தடுப்பது எட்ஜ் பிரவுசரில். குரோமில் அந்த வேலை கூகுள் சேஃப் பிரவுசிங்குடையது. செட்டிங்ஸில் செக்யூரிட்டி பகுதிக்குப் போய் 'என்ஹான்ஸ்டு புரொடெக்‌ஷன்' போட்டுவிடுவது நல்லது.

கிராக் செய்த போட்டோ சாஃப்ட்வேர் பெரும்பாலும் பாஸ்வேர்டு போட்ட ஜிப்பாக வருகிறது. பூட்டிய ஜிப்புக்குள் ஸ்கேனர் பார்க்க முடியாது. 'ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிவிட்டு இன்ஸ்டால் செய்யவும்' என்று கூடவே ஒரு குறிப்பு வேறு!

இப்போது பரவும் போலி 'நான் ரோபோ இல்லை' பக்கம் இன்னும் மோசம். விண்டோஸ் கீயோடு ஆர், பிறகு கண்ட்ரோல் வி, என்டர் என்று அழுத்தச் சொல்லும். டிக் செய்தபோதே ஒரு கட்டளையை அது கிளிப்போர்டில் வைத்திருக்கும். அதை ஓட்டுவது விண்டோஸின் சொந்த பவர்ஷெல், அதாவது கட்டளைகளை இயக்கும் கருவி. ஓடச் சொன்னது நம் கை. நடத்தையைக் கண்காணிக்கும் ஆன்டிவைரஸ் சில நேரம் பிடிக்கும், சில நேரம் விட்டுவிடும். உண்மையான கேப்ட்சா எதுவும் விண்டோஸ் கீயைத் தொடச் சொல்லாது.

இப்படி நுழைவது பாஸ்வேர்டுகளோடு லாகின் குக்கிகளையும் (ஏற்கெனவே உள்ளே நுழைந்தவர் என்று தளத்துக்குக் காட்டும் சிறு பதிவுகளையும்) அள்ளிவிட்டால், ஓடிபி கேட்காமலே கணக்கு திறக்கும். பிறகு ஸ்கேன் செய்து நீக்கினாலும் போனது போனதுதான். வேறொரு கருவியிலிருந்து பாஸ்வேர்டை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் லாக்அவுட் கொடுக்க வேண்டும். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930.

இ-சேவை மையங்களை ஆய்வு செய்யும் அதிகாரிகள் இரண்டு விஷயம் பார்க்கலாம். ஆன்டிவைரஸ் வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக ஐகார் (EICAR) அமைப்பின் தளத்திலுள்ள 68 பைட் சோதனை ஃபைல் தீங்கற்றது. அது டவுன்லோடாகி அப்படியே உட்கார்ந்திருந்தால் உடனடிப் பாதுகாப்பு தூங்குகிறது என்று பொருள். தடுத்துவிட்டால் விழித்திருக்கிறது, அவ்வளவே. புது மால்வேரைப் பிடிக்கும் என்பதற்கு அது சான்றல்ல. அடுத்து குரோம் பதிப்பு. 109-இல் நின்றிருந்தால் பெரும்பாலும் அது புது குரோம் ஏறாத விண்டோஸ் 7 அல்லது 8.1 கணினி. விண்டோஸ் 7-க்கான பொது ஆதரவு 2020 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. அந்தக் கணினியில் பொதுமக்களின் லாகினை அனுமதிக்கக் கூடாது.

கணினிப் பராமரிப்பாளர்கள் சிலர்,
மதுரை.