ஹைடனின் தலை

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. உன் அப்பா கல்லறையில் பதித்திருந்த பளிங்குப் பலகையை யாரோ பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று எழுதியிருந்தாய். அன்று முழுக்க மனசே சரியில்லை. ஒரு கல்லை விற்று எவ்வளவு தேற்றியிருப்பான்?

அவர் ரெக்கார்ட் பிளேயரில் ஹைடன் போட்டு நம்மை உட்கார வைப்பாரே, ஞாபகம் இருக்கிறதா? ஆஸ்திரிய இசையமைப்பாளர், அந்த ஹைடனுக்குத் தலையே போயிற்று. 1809 மே மாதம் வியன்னாவில் இறந்தார். ஊர் நெப்போலியன் படையின் கையில் இருந்ததால் எளிமையாக அடக்கம் செய்தார்கள். கொஞ்ச நாளிலேயே ரோசன்பாம், பீட்டர் என்று இரண்டு பேர் குழி வெட்டுகிற ஆளுக்குக் காசு கொடுத்துத் தலையை எடுத்துவிட்டார்கள். மண்டையின் மேடு பள்ளத்தைத் தடவிப் பார்த்துத் திறமையைச் சொல்லும் 'சாஸ்திரம்' அப்போது ஐரோப்பாவில் பிரபலம். சங்கீத மேடு நன்றாகவே புடைத்திருக்கிறது என்று இவர்களுக்குப் பரம திருப்தி! கறுப்புப் பெட்டி செய்து, உள்ளே வெள்ளைப் பட்டு மெத்தை போட்டு, அதன்மேல் மண்டையோட்டை வைத்தார்கள்.

எனக்கு இவர்கள்மேல்கூட அவ்வளவு கோபம் இல்லை. ஹைடன் ஏறக்குறைய 30 வருடம் உழைத்தது எஸ்டர்ஹாசி என்ற பிரபுக் குடும்பத்தின் அரண்மனைக்கு. அந்தப் பிரபுவுக்கோ, விருந்தாளி ஒருவர் ஹைடன் பேச்சை எடுத்த பிறகுதான் அவர் உடலைத் தம் ஊருக்குக் கொண்டுவர வேண்டும் என்ற நினைப்பே வந்தது. 1820இல் தோண்டினார்கள். சவப்பெட்டியில் உடல் இருந்தது, தலை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் விக்!

போலீஸ் ரோசன்பாம் வீட்டுக்கு வந்தது. அவர் மண்டையோட்டை வைக்கோல் மெத்தைக்குள் திணித்துவிட்டு, மேலே மனைவியைப் படுக்க வைத்தார். ஓபராப் பாடகி அந்த அம்மாள். 'தூரம்' என்று சொல்லிவிட்டாராம். நம் பாட்டிகள் காலத்து வார்த்தைதான் இதற்குப் பொருத்தம். வந்தவர்கள் கூச்சப்பட்டுக் கட்டிலைத் தொடாமல் போய்விட்டார்கள். அப்புறம் யாரோ ஒருவருடைய மண்டையோட்டைக் கொடுத்து விஷயத்தை முடித்தார்கள். பிரபுவின் ஊரான ஐசன்ஸ்டாட்டில் ஹைடன் உடலோடு அதுதான் புதைக்கப்பட்டது.

அசல் தலை கைமாறிக் கைமாறி 1895இல் வியன்னாவின் இசை நண்பர்கள் சங்கத்துக்கு வந்தது. உடலோடு சேர்ந்தது 1954இல்தான். 145 வருடம்! ஆனால் அந்தப் போலித் தலையையும் வெளியே எடுக்கவில்லை. இன்றைக்கும் அந்தக் கல்லறையில் ஓர் உடல், இரண்டு தலை.

எனக்கு அந்த இரண்டாவது தலைக்காரர்மேல்தான் நினைப்பு. செத்த பிறகு இப்படி ஆள்மாறாட்டம் செய்ய வேண்டியிருக்கும் என்று அந்த மனுஷன் கனவிலாவது நினைத்திருப்பாரா? ஹைடனுக்கு வரும் பூ அவருக்கும் சேர்ந்து கிடைக்கிறது, அதுவரைக்கும் சரி. அவர் உடல் எங்கே தலையில்லாமல் கிடக்கிறதோ?

இங்கே எல்லோரும் சௌக்கியம். முழங்கால் மட்டும் படியேற மாட்டேன் என்கிறது.

பலகைக்குச் சொல்லிவிட்டாயா? பளிங்கு வேண்டாம், சிமென்ட் பூசி அதிலேயே எழுத்து வெட்டச் சொல். பெயர்த்தால் உடைந்துவிடும், எவனுக்கும் உதவாது. போன தடவை பிறந்த வருடத்தைத் தப்பாக வெட்டியிருந்தார்கள், இந்த முறை பக்கத்தில் நின்று பார். பாதிச் செலவு என்னுடையது. வேண்டாம் என்று சொல்லாதே. எனக்கும் அல்ஜீப்ரா சொல்லிக்கொடுத்தவர் அவர்.

அன்புடன்,
உன் கடைசி பெஞ்ச் தோழன்