வைக்கிங் பாடத்தை வெட்ட வேண்டாம், மிச்சத்தையும் சொல்லிக்கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்தில் வளரும் நம் பிள்ளைகள் ஆரம்பப் பள்ளியில் ஆங்கிலேயரின் மூதாதையரான ஆங்கிலோ-சாக்சன்களையும், டென்மார்க், நோர்வேப் பக்கமிருந்து கடல்வழி வந்து கொள்ளையடித்துக் குடியேறிய வைக்கிங்குகளையும் படித்து என்ன கண்டார்கள், அந்த நேரத்தில் நம்முடைய வரலாற்றைப் படிப்பிக்கலாமே என்று சென்ற இதழில் ஒரு தகப்பன் எழுதியிருந்தார். அவருடைய ஆதங்கம் விளங்குகிறது. ஆனால் வடமேற்கு லண்டனில் ஓர் ஆரம்பப் பள்ளியில் வகுப்பறை உதவியாளராக வேலை செய்கிற எனக்கு நேர்மாறான குறைதான் உண்டு. இந்தப் பாடம் கூடிப்போகவில்லை, பாதியில் நின்றுவிடுகிறது.

2014 இல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டப்படி ஏழு வயதுக்கும் பதினொரு வயதுக்கும் இடையில் பிள்ளைகள் இதில் இரண்டு பகுதிகளைப் படிக்கவேண்டும். ரோமர் போனபின் ஆங்கிலோ-சாக்சன்களும் ஸ்கொட்களும் வந்து குடியேறியது ஒன்று. இங்கிலாந்து இராச்சியத்துக்காக ஆங்கிலோ-சாக்சன்களும் வைக்கிங்குகளும் மல்லுக்கட்டியது மற்றது. 410 அளவில் தொடங்கி 1066 வரை போகிற கதை. அதை அரைத் தவணைக்குள், மிஞ்சினால் ஒரு தவணைக்குள் முடிக்கவேண்டும். அப்போ என்ன நடக்கும்? 793 இல் வைக்கிங்குகள் வடகிழக்குக் கரையோரத் தீவான லிண்டிஸ்பார்னின் மடத்தைக் கொள்ளையடித்த காட்சி, மட்டையில் கேடயமும் நீள்கப்பலும், வைக்கிங்குகளின் ரூன் எழுத்தில் சொந்தப் பெயர், கடைசியில் வேடமிட்டு வரும் நாள். அன்றைக்குக் கொம்பு வைத்த தொப்பிகள் நிறைய வரும். வைக்கிங் வீரர்கள் கொம்புக் கவசம் போட்டதற்கு ஆதாரமே கிடையாது. 1876 இல் ஜெர்மனியின் பைரொய்த் நகரில் இசையமைப்பாளர் வாக்னரின் இசைநாடகத்துக்கு உடை வடிவமைத்தவர் பரப்பிவிட்ட வேடம் அது. நோர்வேயில் 1943 இல் கிடைத்த உண்மையான கவசம் வெறும் உருண்டை இரும்புத் தொப்பி, கண்ணைச் சுற்றி ஒரு காப்பு, அவ்வளவுதான். இதற்காக நான் யாரோடும் சண்டைக்குப் போகமாட்டேன், பிள்ளைகள் சந்தோஷமாக இருக்கிறார்கள். அந்த வேடநாளோடு பாடம் முடிந்துபோவதுதான் என் கவலை.

லிண்டிஸ்பார்னையே எடுங்கள். ஆண்டுவாரியாக நிகழ்வுகளை எழுதிவைத்த ஆங்கிலோ-சாக்சன் நாளாகமத்தின் 793 ஆம் ஆண்டுப் பதிவில் முதலில் சூறைக்காற்றும் மின்னலும் வருகின்றன, வானத்தில் நெருப்பு நாகங்கள் பறக்கின்றன, அப்புறம் பஞ்சம், அதற்குப் பிறகுதான் மடத்தைச் சூறையாடியவர்கள். இந்த நாலு வரியை ஒன்பது வயதுப் பிள்ளைகள் கையில் கொடுத்தால் நாகம் பறந்தது பொய் என்று உடனே சொல்வார்கள். அப்போ கொள்ளையும் பொய்யா என்று கேட்டால் வகுப்பு இரண்டாகப் பிரியும். யார் எழுதியது? மடங்களோடு சேர்ந்தவர்கள், அடிவாங்கிய பக்கத்து ஆட்கள். அடித்தவர்கள் தங்கள் பக்கத்தை எழுதிவைத்தார்களா? கல்லிலும் எலும்பிலும் மரத்திலும் வெட்டிய சின்னச் சின்ன ரூன் வரிகளைத் தவிர அவர்களிடமிருந்து நமக்கு எதுவும் வரவில்லை. ஐஸ்லாந்தில் நீளமான கதைகளாக எழுதியதெல்லாம் சில நூற்றாண்டுகள் கழித்து. அப்படியென்றால் கொள்ளை நடந்ததை எப்படி நம்புவது? அதே காலத்தில் வாழ்ந்த அல்குயின் என்ற அறிஞர் அதைப் பற்றி எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. இப்படிக் கேட்டுக் கேட்டுப் போக ஒன்பது வயதில் முடியும். நான் பார்த்திருக்கிறேன். நேரம் கொடுத்தால் போதும்.

கொள்ளைக்குப் பிறகு என்ன ஆனது என்பது இன்னும் முக்கியம். அதே நாளாகமம் 876 ஆம் ஆண்டில் ஹால்ப்டான் என்ற வைக்கிங் தலைவன் வடக்கிலிருந்த நோர்தம்பிரியா இராச்சியத்தின் நிலத்தைத் தன் ஆட்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தான், அவர்கள் உழத் தொடங்கினார்கள் என்கிறது. கோடரியோடு வந்தவன் கலப்பையைப் பிடித்த ஆண்டு என்று இதைச் சொல்லலாம், ஆனால் வகுப்பில் இந்த வரியை வாசிக்க நேரம் கிடைப்பதில்லை. யோர்க் நகரில் கொப்பர்கேட் தெருவில் 1976 முதல் 1981 வரை தோண்டியபோது வந்ததெல்லாம் சீப்பு, சப்பாத்து, மரக்கிண்ணம், கம்பளிக் காலுறை. அதற்குப் பக்கத்தில் 1972 இல் ஒரு வங்கிக் கட்டடம் கட்டப்போன இடத்தில் முழுசாக இறுகிப்போன மனித மலம் ஒன்றும் கிடைத்தது. யோர்விக் காட்சியகத்தில் அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். ரொட்டியும் இறைச்சியும் தின்ற ஆள், வயிறு நிறையப் புழு. எந்த அரசனின் பெயரை மறந்தாலும் பிள்ளைகள் இதை மறக்கமாட்டார்கள்.

இனி, பாடம் வாயே திறக்காத இடம். 1002 நவம்பர் 13 அன்று இங்கிலாந்தின் எதல்ரெட் அரசன் தன் நாட்டிலுள்ள டேனியர், அதாவது டென்மார்க் வழிவந்த வைக்கிங் குடிகள், எல்லோரையும் கொல்ல ஆணையிட்டான். ஒக்ஸ்போர்டில் அவர்கள் ஒரு தேவாலயத்துக்குள் ஓடி ஒளிந்தார்கள். விரட்டிவந்த மக்கள் தேவாலயத்துக்கே தீ வைத்தார்கள். இதைச் சொல்வது எதிரிகளல்ல. இரண்டு ஆண்டு கழித்து அந்தத் தேவாலயத்துக்கு எதல்ரெட் கொடுத்த சாசனமே சொல்கிறது, டேனியரைக் கோதுமைக்குள் முளைத்த களை என்று. 2008 இல் ஒக்ஸ்போர்டில் ஒரு கல்லூரி வளவில் முப்பதுக்கும் மேற்பட்ட இளம் ஆண்களின் எலும்புகள் வெட்டுக்காயங்களோடு கிடைத்தன. அவர்கள் அன்றைக்குச் செத்தவர்கள்தானா என்பதில் ஆய்வாளர்களுக்குள் வாதம் உண்டு. டேனியர் நிறைந்திருந்த வடக்கிலும் கிழக்கிலும் அந்த ஆணை செல்லுபடியாகியிருக்காது, தெற்கு நகரங்களில் சிறு தொகையாக இருந்தவர்களே மாட்டியிருப்பார்கள் என்பது பொதுவான கருத்து. கொன்றும் பலனில்லை. 1016 இல் கனூட் என்ற டேனியனே இங்கிலாந்துக்கு அரசனானான்.

இது பிள்ளைகளுக்குச் சொல்லக்கூடிய கதையா என்று கேட்பார்கள். கிழக்கு ஆங்கிலியாவின் அரசன் எட்மண்டை வைக்கிங்குகள் அம்பால் துளைத்ததைச் சொல்ல யாரும் தயங்குவதில்லையே. வைக்கிங்குகள் சிந்தவைத்த இரத்தம் பாடம், ஆங்கிலேயர் சிந்தவைத்தது வயதுக்கு மிஞ்சியதா? இலங்கையில் 1983 இனக்கலவரத்தை நேரில் கண்ட அம்மம்மாக்களின் பேரப்பிள்ளைகள் எங்கள் வகுப்புகளில் இருக்கிறார்கள். ஓர் அரசன் ஆணையிட்டதும் பக்கத்து வீட்டுக்காரன் எப்படி மாறினான் என்று கேட்கிற பிள்ளைக்கு, பத்து வயதில், தெளிவாக, படம் காட்டாமல் சொல்லலாம்.

நம் பிள்ளைகளுக்கு இதில் என்ன இருக்கிறது என்ற கேள்விக்கும் வருகிறேன். வட இங்கிலாந்தில் ஜரோ மடத்தில் வாழ்ந்த பீட் என்ற துறவி 735 இல் சாகும் நேரத்தில் தன் சின்னப் பெட்டியைத் திறந்து, இருந்ததை மற்றவர்களுக்குப் பங்கிட்டாராம்: கொஞ்சம் துணி, சாம்பிராணி, மிளகு. மிளகு! பெரும்பாலும் நம் பக்கத்து மேற்குமலைச் சரிவில் விளைந்ததுதான். 1939 இல் கிழக்கு இங்கிலாந்தின் சட்டன் ஹூ மேட்டுக்கு அடியில் கப்பலோடு புதைத்த ஓர் அரசனின் பொருட்கள் கிடைத்தன அல்லவா, அந்த நகைகளில் பதித்த சிவப்புக் கானெட் கற்களில் சில இந்தியாவிலும் இலங்கையிலும் இருந்து போனவை என்கிறார்கள். பிரித்தானிய அருங்காட்சியகத்தின் 41 ஆம் அறைக்குப் போனால் காசில்லாமல் பார்க்கலாம்.

கட்டுரை எழுதியவருக்கு ஒரு தகவல். ஆதி நாகரிகங்களில் ஒன்றை ஆழமாகப் படிக்கவேண்டும் என்று இதே பாடத்திட்டம் சொல்கிறது. சுமேரியா, சிந்துவெளி, எகிப்து, சீனத்தின் சாங் காலம் ஆகிய நாலில் எது என்பது பள்ளியின் தெரிவு. மம்மி இருப்பதால் பல பள்ளிகள் எகிப்தையே எடுத்துவிடுகின்றன. ஆகவே, பெற்றோர் சந்திப்பில் தலைமை ஆசிரியரிடம் சிந்துவெளியைக் கேளுங்கள். வைக்கிங்கின் மேல் கைவைக்காதீர்கள், எகிப்தோடு பேரம் பேசுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வடமேற்கு லண்டன்