ரேட்டிங்கை வீட்டில் வைத்துவிட்டுப் போ

அன்புள்ள அம்முவுக்கு,

நேற்று போனிலேயே இதைப் பேசியிருப்பேன், அதற்குள் அம்மா வாங்கிக்கொண்டாள், அவள் கைக்குப் போன போன் திரும்பி வராது என்பது உனக்கே தெரியும். அதனால் எழுதுகிறேன்.

ஆபீஸ் விட்டு வரும் வழியில் ஆம்ஸ்டர்டாமின் மாக்ஸ் யூவே சதுக்கத்தில் நின்று, தரையில் போட்ட அந்தப் பெரிய செஸ் கட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போகிறேன் என்றாய். அங்கே ஒரு தாத்தா, ஒரு ஆட்டம் போடலாமா என்று கேட்டாராம், நீ செஸ் தெரியாது என்று சொல்லிவிட்டு டிராம் ஏறிவிட்டாயாம். செஸ் தெரியாதாம்! ஸ்டேட் டோர்னமென்டில் ஆடின பொண்ணு! ஏன் என்று கேட்டால், "தோத்தா அசிங்கம்ப்பா, ஜெயிச்சா அதுல என்ன இருக்கு?" என்கிறாய். இந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் இவ்வளவு பெரிய கடிதம்.

முதலில் ஒரு சேதி. உன் ரேட்டிங், அதான் ஆட்டத்திறமைக்குப் போடும் அந்த நம்பர், ஏறிவிட்டது. பிளஸ் டூவோடு நீ நிறுத்தியபோது 1680. கீழ்மட்டத்தில் ரேட்டிங் வருஷா வருஷம் தேய்ந்துகொண்டே வந்ததால் 2024 மார்ச்சில் உலகச் செஸ் சம்மேளனமான ஃபிடே கணக்கைச் சரிசெய்தது: 2000-க்குக் கீழே இருப்பவர்களுக்கு, 2000-ஐத் தொட எவ்வளவு குறைகிறதோ அதில் ஐந்தில் இரண்டு பங்கைச் சும்மா தூக்கிக் கொடுத்தார்கள். உனக்குக் குறைந்தது 320, கிடைத்தது 128, ஆக இப்போது நீ 1808. அந்த 128-ஐ ஆடிச் சம்பாதிப்பதென்றால் எத்தனை கல்யாண மண்டபத்தில், மின்விசிறி சுற்றாத எத்தனை பள்ளிக்கூட ஹாலில் உட்கார்ந்திருப்பாய்! அப்பேர்ப்பட்ட நம்பரை அந்தத் தாத்தாவிடம் காப்பாற்ற வேண்டும் என்று நினைக்கிறாய். அவருக்கு அது தெரியவே தெரியாது. ரேட்டிங் கணக்கை எடுத்துக்கொண்டாலும், உன்னைவிட ரேட்டிங்கில் 200 குறைந்த ஒருவர் உன்னோடு 100 ஆட்டம் ஆடினால், வெற்றிக்கு ஒன்று, டிராவுக்கு அரை என்று கிட்டத்தட்ட 24 புள்ளி எடுப்பார் என்றுதான் அதுவே சொல்கிறது. தோல்வியையும் சேர்த்துப் போட்ட கணக்கும்மா அது.

நான் டோர்னமென்டை விட்ட கதை உனக்கு முழுசாகத் தெரியாது. ரிட்டயர் ஆகும்வரை ஆபீஸ் டீமில் ஆடினேன், அது வேறு; பஸ் பிடித்துப் போய், ஓசிச் சாப்பாடு சாப்பிட்டு, நாலாவது போர்டில் டிரா செய்துவிட்டு வருவது. ரிட்டயர் ஆன பிறகு ரேட்டிங் டோர்னமென்டுக்குப் போனேன். எதிரே உட்கார்ந்த பையனுக்குக் கால் தரையில் எட்டவில்லை. ஒவ்வொரு மூவையும் ஸ்கோர் ஷீட்டில் நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதுகிறான், எழுதி முடித்ததும் என் பக்கம் பார்ப்பதில்லை, வாசலில் நிற்கும் அவன் அம்மாவைப் பார்க்கிறான். என்னை மேட் பண்ணி, கை கொடுத்துவிட்டு, "அங்கிள், அந்தக் குதிரைய பின்னாடி எடுத்திருந்தீங்கன்னா டிரா ஆயிருக்கும்" என்று ஆறுதல் வேறு சொன்னான். தமிழ்நாட்டில் இப்போது எட்டு வயசுப் பிள்ளையோடு ரேட்டிங்குக்காக மோதுவது வயசானவனுக்கு ஆகாத காரியம். நிறுத்திவிட்டேன், வருத்தம் ஒன்றும் இல்லை.

இப்போது நான் ஆடுவது கீழே பார்க்கிங்கில், நாலாவது மாடி ஹெட்மாஸ்டரோடு. நீ பார்த்ததில்லை, நீ போன பிறகு குடிவந்தவர். சாயங்காலம் ஐந்தரைக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் போர்டை விரிப்போம். கறுப்பு யானை ஒன்று தொலைந்துபோய், அந்த இடத்தில் கோடாலித் தைலப் பாட்டில் நிற்கிறது. அவருக்கு மூக்கடைத்தால் ஆட்டத்தின் நடுவில் யானையைத் திறந்து முகர்ந்துவிட்டு மறுபடி அதே கட்டத்தில் வைப்பார். டோர்னமென்டாக இருந்தால் தொட்ட காயை ஆட வேண்டும் என்று நடுவரை, அதான் ஆர்பிட்டரை, கூப்பிட்டிருக்கலாம்!

இவர் ஆடுவது பழைய நாட்டு ஆட்டம், அவருடைய தாத்தா சொல்லிக்கொடுத்தது. சிப்பாய்க்கு முதல் நகர்விலும் ஒரு கட்டம்தான், இரண்டு கிடையாது. ராஜா கோட்டைக்குப் போவது, அதான் காஸ்லிங், கிடையாது. அதற்குப் பதில், அதுவரை செக் வாங்காத ராஜா ஆட்டத்தில் ஒரே ஒரு தடவை குதிரை போலத் தாவலாம். எனக்கு இது காதில் கேட்ட விஷயம்தான், பட்டதில்லை. முதல் வாரம் அவர் ராஜாவைக் கடைசி வரிசையில் அவருடைய சிப்பாய்களாலேயே அடைத்துவிட்டு, அடுத்த மூவில் யானை இறங்கினால் மேட் என்று நிம்மதியாக டீயைக் கையில் எடுத்தேன். மனுஷன் ராஜாவைத் தூக்கி ஒரே தாவலில் சிப்பாய்ச் சுவருக்கு வெளியே வைத்துவிட்டு, "இதுவரைக்கும் நீங்க செக்கே வைக்கலையே சார்" என்றார். நான் போட்ட திட்டமெல்லாம் காலி. வாட்ச்மேன் சிரித்த சிரிப்பில் நாயே எழுந்து ஓடியது. அன்றிலிருந்து, தேவையோ இல்லையோ, ஆரம்பத்திலேயே ஒரு செக் வைத்து அவருடைய தாவலைக் கெடுத்துவிடுகிறேன். அதற்காகவே என் பிஷப் ஊரூராக அலைகிறது, பாதி நேரம் செத்தும் போகிறது. இந்த மாதிரி விதிகளில் செஸ் கற்றுக்கொண்டு லண்டன் போன சுல்தான் கான் 1929-ல் பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். அந்த மனுஷன் அங்கே போய் முதல் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளப் பழகுவதற்குள் எவ்வளவு திண்டாடியிருப்பார் என்று இப்போதுதான் புரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஃபிஷர் முறை. பாபி ஃபிஷர் 1996-ல் பியூனஸ் ஐரிஸில் அறிவித்தது, உனக்கே தெரியும்: பின்வரிசைக் காய்களைக் கலைத்துப்போட்டு ஆடுவது, மொத்தம் 960 விதமாக அடுக்கலாம். கம்ப்யூட்டரெல்லாம் எங்களிடம் இல்லை. எட்டுக் காயையும் மஞ்சப்பையில் போட்டுக் குலுக்கி, வாட்ச்மேன் கையை விட்டு ஒவ்வொன்றாக எடுத்துத் தர இடமிருந்து வலமாக வைக்கிறோம். இரண்டு பிஷப்பும் ஒரே நிறக் கட்டத்தில் வந்தாலோ, ராஜா இரண்டு யானைக்கும் நடுவில் இல்லாவிட்டாலோ மறுபடி குலுக்கல். வெள்ளைக்கு வந்த அதே வரிசை எதிரே கறுப்புக்கும். இந்த ஆட்டத்தில் ஹெட்மாஸ்டர் தாவல் செல்லாது என்று ஒப்பந்தம். மூலையில் ராணி, அதன் பக்கத்தில் குதிரை, யாருக்கும் ஒன்றும் புரியாது, ஐந்தாவது மூவுக்குள் யாராவது ஒருவர் காயைச் சும்மா கொடுத்துவிடுவோம். உனக்கு இது பிடிக்கும் என்று ஏன் சொல்கிறேன் என்றால், உன் கோச் கொடுத்த காரோ-கான் ஓப்பனிங் ஃபைலை நீ தூக்கத்தில்கூட ஒப்பிப்பாய், பதினைந்தாவது மூவ் வரை உன் கைதான் ஆடும், மூளை பிறகுதான் வந்து சேரும். இதில் அந்த வசதி கிடையாது.

பெரியவர்களே இதைத்தான் ஆடுகிறார்கள். 1995-ல் நியூயார்க் இரட்டைக் கோபுரத்தின் 107-வது மாடியில் காஸ்பரோவும் ஆனந்தும் உலகப் பட்டத்துக்கு ஆடினார்களே, முதல் எட்டு ஆட்டமும் டிரா, ஒன்பதாவதை ஆனந்த் ஜெயித்தும் கடைசியில் காஸ்பரோவ் பக்கம் போனது. காஸ்பரோவ் 2005-ல் போட்டி ஆட்டத்தை விட்டார். அதே இரண்டு பேரும் 2025 அக்டோபரில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் உட்கார்ந்து இந்த ஃபிஷர் முறையில் ஆடினார்கள். காஸ்பரோவுக்கு 62 வயசு, ஆனந்துக்கு 55. மறுபடி காஸ்பரோவ்தான், 13-11. ஹெட்மாஸ்டரும் நானும் ஆனந்த் பக்கம், என்ன பண்ண.

ஆனந்தே ஆடி வளர்ந்தது எங்கே? ஆழ்வார்பேட்டை சோவியத் கலாசார மையத்தில் மானுவல் ஆரன் ஆரம்பித்த டால் செஸ் கிளப்பில். அங்கே சில நிமிஷத்தில் முடிகிற பிளிட்ஸ் ஆட்டம் நடக்கும், ஜெயித்தவர் உட்கார்ந்திருப்பார், தோற்றவர் எழுந்து அடுத்தவருக்கு இடம் விட வேண்டும். மறுபடி ஆட வேண்டுமானால் காத்திருக்கணும். ரேட்டிங்கும் கிடையாது, பரிசும் கிடையாது. உலகமே மெச்சிய அந்த வேகம் இந்த மாதிரி சாயங்காலங்களில் வந்ததுதான். இதை உனக்கு அப்போதே சொன்னேனோ என்னவோ, சொல்லியிருந்தாலும் நீ காதில் வாங்குகிற வயசு இல்லை.

சரி, உன் சதுக்கத்துக்கு வருவோம். அந்த இடத்துக்கு யார் பேர் வைத்திருக்கிறார்கள் என்று பார். யூவே ஒரு கணக்கு வாத்தியார், உன் ஊரிலேயே பெண்கள் பள்ளியில் பாடம் எடுத்தவர். 1935-ல் அப்போதைய உலக சாம்பியன் அலெக்கைனை 30 ஆட்டத்தில் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில், 15½-14½ என்று ஜெயித்து உலக சாம்பியன் ஆனார். அதில் 26-வது ஆட்டம், போன கோடையில் நீ காலை நனைத்துக்கொண்டு போட்டோ அனுப்பினாயே, அந்த ஸாண்ட்ஃபோர்ட்டில்தான் நடந்தது. ஹாலந்துக்காரனோடு ஹாலந்திலேயே அலெக்கைன் டச்சு டிஃபென்ஸ் என்ற ஓப்பனிங் ஆடினார், கொழுப்பைப் பார். யூவே ஒரு காயைக் கொடுத்து மூன்று சிப்பாய் வாங்கி, அவற்றை வரிசையாக முன்னால் தள்ளியே ஜெயித்தார். ஒரு ஞாயிறு அந்த ஆட்டத்தைப் போர்டில் போட்டுப் பார், ஆனால் கம்ப்யூட்டர் இன்ஜின் வேண்டாம், அது ஒவ்வொரு மூவுக்கும் உதட்டைப் பிதுக்கும். இரண்டு வருஷத்தில் பட்டம் அலெக்கைனிடமே திரும்பிப் போனது, இவர் பழையபடி வேலையும் பார்த்தார், செஸ்ஸும் ஆடினார். அப்புறம் 1970-லிருந்து 1978 வரை ஃபிடே தலைவர்.

அந்தத் தாத்தாவிடம் போ. பேர் சொல்லு, ரேட்டிங் சொல்லாதே. காரோ-கான் ஆடாதே, ஆரம்பத்திலேயே சிப்பாயைத் தூக்கிக் கொடுக்கிற கிங்ஸ் கேம்பிட் ஆடு; உன் கோச் பார்த்தால் மயக்கம் போடுவார், அதனால்தான் ஆடச் சொல்கிறேன். சுற்றி நிற்பவர்கள் யோசனை சொல்வார்கள், சொல்லட்டும், மோசமான யோசனையாக இருந்தாலும் ஒரு தடவை கேட்டுத்தான் பாரேன். அவர் மூவைத் திரும்ப எடுக்கிறேன் என்றால் விடு, நீயும் ஒன்று கேட்டு வாங்கிக்கொள். அவர் ரொம்ப சுமாராக ஆடினால் வேண்டுமென்றே தோற்காதே, அது மரியாதை இல்லை, கண்டுபிடித்துவிடுவார்கள். ஒரு குதிரையை எடுத்து வெளியே வைத்துவிட்டு ஆடு. பத்தொன்பதாம் நூற்றாண்டு மேதை மார்ஃபி காலத்திலேயே இருந்த வழக்கம், கௌரவமான வழக்கம். வீட்டுக்கு வந்து எங்கே தப்பு என்று தோண்டாதே. தோண்டாமல் உனக்குத் தூக்கம் வராது என்று தெரியும், இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

ஜனவரியில் ஒரு நாள் செஸ் டோர்னமென்ட் நடக்கிற விக் ஆன் ஸேக்குப் போய்விட்டு வா, ரயிலும் பஸ்ஸும் மாறினால் போய்விடலாம். 2025-ல் நம்ம பிரக்ஞானந்தா டைபிரேக்கில் குகேஷைத் தாண்டி ஜெயித்த அதே டோர்னமென்ட். கிராண்ட்மாஸ்டர்கள் ஒரு பக்கம் ஆட, அதே ஹாலில் பேங்க் குமாஸ்தா, நர்ஸ், பென்ஷன்காரர் என்று சாதாரண ஜனங்களும் அவர்கள் பாட்டுக்கு ஆடுவார்கள். வார இறுதியில் சம பலமுள்ளவர்களாகப் பார்த்து நாலு நாலு பேராகக் குழு போட்டு ஆட விடுவதும் உண்டு. நீ பேர் கொடுக்க வேண்டாம், கொடுத்தாலும் நான் தடுக்கப்போவதில்லை. அங்கே பட்டாணி சூப் கொடுப்பார்கள், உலகப் போர் முடிந்து சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடாக இருந்த காலத்தில் ஆரம்பித்த பழக்கம். நீ சைவம், அதில் பன்றிக்கறி போடுவதுண்டு, கேட்டுக் குடி.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து நான் எழுதுவதைப் படித்துக்கொண்டிருக்கிறாள். காயெல்லாம் அவ்வளவு பெரிசாக இருக்கிறதே, குனிந்து தூக்கி உனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டால் அங்கே யார் தைலம் தேய்த்துவிடுவார்கள் என்று கேட்கிறாள். நீயே பதில் சொல்லிவிடு.

அன்புடன்,
அப்பா